தாமிரபரணிக் கரையில் மூன்று நாள்: எங்கே இறங்கலாம், எங்கே பார்த்துவிட்டு வரலாம்

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து ஒரு குடும்பம், ஐந்து பேர். அம்மாவுக்கு எழுபது வயது, பையனுக்கு எட்டு. தாமிரபரணிப் பக்கம் மூன்று நாள் இருக்க வேண்டும், ஆற்றில் குளிக்க வேண்டும், கொஞ்சம் காடு, கொஞ்சம் பறவை. குற்றாலத்துக் கூட்டம் வேண்டாம். எந்த மாதம் வரலாம், எங்கே தங்கலாம், பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள் வாருங்கள், அம்பாசமுத்திரத்தில் தங்குங்கள், அருவிகளுக்கு அரை நாளுக்கு மேல் ஒதுக்காதீர்கள். மீதி நேரத்தை ஆற்றுக்கே கொடுங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் அகஸ்தியர் அருவியில் தலையைக் காட்டி, மணிமுத்தாறு அருவியில் போட்டோ எடுத்து, ஒரே நாளில் திரும்பிவிடுகிறார்கள். நடுவில் ஓடுகிற ஆற்றைக் கார் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள்.

தாமிரபரணி ரொம்ப நீளமான ஆறு இல்லை. பொதிகை மலையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த மலை, அகத்தியர்கூடம், 1,868 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்திலிருந்து இவ்வளவு சீக்கிரம் கடலுக்கு இறங்குவதால், ஒரே நாளில் மழைக்காடு, வயல்வெளி, முள்காடு, உப்பளம் என்று நான்கு விதமான நிலத்தைப் பார்த்துவிடலாம். இரண்டு பருவமழையும் கிடைப்பதால், தமிழ்நாட்டில் மற்ற ஆறுகள் வெறும் மணலாகக் கிடக்கும் காலத்திலும் இதில் தண்ணீர் இருக்கும்.

மாதத்தை ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். அழகுதான், ஆனால் குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தின் மிச்சம் இங்கே வந்துவிடும். ஆடி அமாவாசையை ஒட்டி காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பல்லாயிரம் பேர் வந்து ஆற்றங்கரையிலேயே குடில் போட்டுத் தங்குவார்கள். திருவிழா பார்க்க வேண்டுமென்றால் அப்போது வாருங்கள், அமைதி வேண்டுமென்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முடிய வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் குழந்தையோடு ஆற்றை நம்பித் திட்டம் போடவே போடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே என்ன நடந்தது என்று நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கரையோர ஊர்களில் ஆறு வீட்டுக்குள் வந்தது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் தாளாது, காட்டுத்தீ பயத்தில் வனத்துறை உள்ளே விடுவதும் குறையும்.

ஜனவரி கடைசியில் வந்தால் வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்திருக்கும். பிசான நெல் கதிர் வாங்கிப் பச்சையும் மஞ்சளுமாக நிற்கும். வடக்கேயிருந்து வந்த பறவைகளும் இன்னும் குளங்களில் இருக்கும். காலையில் மலையில் மேகம் இல்லாமல் பொதிகைச் சிகரம் தெளிவாகத் தெரிகிற நாட்களும் இந்த மாதங்களில்தான் அதிகம்.

ரயிலில் திருநெல்வேலி வந்து, அங்கிருந்து செங்கோட்டைப் பாதையில் போகும் பாசஞ்சரில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் அம்பை, அதாவது அம்பாசமுத்திரம். இடது பக்க ஜன்னல் பிடியுங்கள், மலை அந்தப் பக்கம்தான். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் ரயில் பாலத்தில் ஆற்றைக் கடக்கும். பையனை எழுப்பிவிடுங்கள். அம்பையில் தங்கினால் பாபநாசம், மணிமுத்தாறு, திருப்புடைமருதூர் மூன்றும் பக்கம். திருநெல்வேலியில் தங்கினால் தினமும் போகவர ரெண்டு மணி நேரம் ரோட்டில் போய்விடும்.

சரி, குளியலுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் முக்கியமானது இதுதான்.

தாமிரபரணி பார்க்க சாதுவான ஆறு. இடுப்பளவு தண்ணீர், அடியில் மணல், கரையில் மருத மரம். ஆனால் அதன் தண்ணீர் மழையை மட்டும் பார்த்து ஏறி இறங்குவதில்லை. மேலே காரையாற்றில் பாபநாசம் அணை, பக்கத்தில் சேர்வலாறு அணை, இந்தப் பக்கம் மணிமுத்தாறு அணை. மின்சாரத்துக்கோ பாசனத்துக்கோ மதகைத் திறந்தால், வெயில் அடிக்கிற நாளிலும் கீழே தண்ணீர் ஏறும். காலையில் மணல்திட்டில் விரித்த ஜமுக்காளம் மத்தியானம் மிதக்கும். அணைப் பக்கம் சங்கு ஊதினாலோ, தண்ணீர் திடீரென்று கலங்கி சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் ஆளைக் கரையேற்றுங்கள்.

அடுத்தது கசம். எங்கள் பக்கம் ஆற்றில் ஆழமான மடுவைக் கசம் என்போம். இரண்டு அடி தள்ளி ஒரு பிள்ளை முட்டளவு தண்ணீரில் விளையாடிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் ரெண்டாள் ஆழம் இருக்கும். பாறை வளைவுகளில் இயற்கையாகவே உண்டு, பழைய மணல் பள்ளங்கள் வேறு. மேலே பார்த்தால் தண்ணீர் அங்கே மட்டும் கொஞ்சம் கறுப்பாக, அசையாமல் இருப்பது போலத் தெரியும். ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொரு துறையிலும் கசம் எங்கே என்று அத்துபடி. துணி துவைக்கிற அக்காவிடமோ மாடு குளிப்பாட்டுகிறவரிடமோ, ‘அண்ணாச்சி, பிள்ளைய எங்க இறக்கலாம்?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சந்தோஷமாகக் காட்டுவார்கள், பக்கத்திலேயே நின்றுகூடக் கொள்வார்கள்.

மூன்றாவது, அணைக்கட்டு. பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை இந்த ஆற்றின் குறுக்கே எட்டு பழைய அணைக்கட்டுகள் உண்டு. மேலே சொன்ன பெரிய அணைகள் மாதிரி இல்லை, கால்வாய்க்குத் தண்ணீரைத் திருப்புகிற தாழ்வான தடுப்புச் சுவர்கள். தண்ணீர் வெள்ளித் தகடு மாதிரி வழிந்து விழும், அடியில் போய் நின்றால் முதுகுக்கு இதமாக இருக்கும் என்று தோன்றும். குறைந்த தண்ணீரில், ஊர் ஜனங்கள் குளிக்கிற ஓரத்தில், தப்பில்லை. தண்ணீர் கூடினால் கதை வேறு. விழுகிற தண்ணீர் அடிக்குப் போய்ச் சுருண்டு, மேலே வந்து, மறுபடி சுவரை நோக்கியே இழுக்கும். நீச்சல் தெரிந்தவனும் அந்தச் சுருட்டலில் சுவரோடு சுவராக மாட்டிக்கொள்வான். இதில் போனவர்கள் பெரும்பாலும் நன்றாக நீந்தத் தெரிந்த வெளியூர்ப் பையன்கள்தான்.

அம்மாவுக்குப் படித்துறைதான் நல்லது. பாபநாசம் கோயில் படித்துறையில் கைப்பிடித்து இறங்கி உட்கார்ந்து குளிக்கலாம். அங்கே ஒரு கை பொரி போட்டால் முழங்கை நீளத்துக்கு மீன்கள் திமுதிமுவென்று மேலே வரும். எட்டு வயதுப் பையனுக்கு அருவியை விட அதுதான் நினைவிருக்கும். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் இருக்கிறது. சில வருஷம் முன்பு என் அக்கா பையன் அந்தப் படியில் இறங்கினான். நாலாவது படியில் நின்றவன், ‘மாமா, காலை யாரோ பிடிக்காங்க’ என்றான். முகம் வெளிறிவிட்டது. நான் கையை விட்டு இழுத்தால் ஒரு சேலை, பாதி மணலுக்குள் புதைந்து, மீதி அவன் கணுக்காலில் ரெண்டு சுற்று. ஈரமும் மணலும் சேர்ந்து ஒரு மூட்டை கனம். வேகமான தண்ணீராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு. தன்னார்வலர்கள் அவ்வப்போது இறங்கி டன் கணக்கில் துணியை அள்ளுகிறார்கள், அப்புறமும் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் கடைசிப் படிக்கு இறங்காமல், மேல் படிகளிலேயே குளியுங்கள். யாராவது துணியை விடச் சொன்னால், வீட்டில் போய் விட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

அகஸ்தியர் அருவி கோயிலுக்கு மேலே, சோதனைச் சாவடி தாண்டி. வருஷம் முழுக்கத் தண்ணீர் விழுகிற அருவி, கைப்பிடிக் கம்பி உண்டு. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் அங்கே கூடாது. குரங்குகள் பையைத் திறந்து பிஸ்கெட்டை எடுத்துவிட்டு மூடாமல் போகும், அவ்வளவுதான் குறை. காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் பத்துப் பேர், பதினொரு மணிக்குப் போனால் நானூறு பேர். மணிமுத்தாறு அருவியைப் பாருங்கள், ஆனால் அதன் கீழே இருக்கிற தடாகம் ரொம்ப ஆழம். அனுமதித்த இடத்துக்கு வெளியே ஒரு அடி வைக்க வேண்டாம். மழை பெய்தால் நாள் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் அணைக்கரையில் நடந்துவிட்டு வாருங்கள், அதுவே நல்ல சாயங்காலம்.

காட்டைப் பற்றி. பாபநாசத்துக்கு மேலே எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988இல் அறிவித்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், அப்போது சுமார் 818 சதுர கிலோமீட்டர். பெயரில் புலி இருக்கிறதே என்று பையனுக்கு ஆசை காட்டாதீர்கள். நான் இத்தனை வருஷத்தில் கால்தடம்தான் பார்த்திருக்கிறேன். காரையாறு ரோட்டில் மெதுவாகப் போனால் மிளா மான், கருமந்தி, மலை அணில் தென்படும். சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் உயரத்துச் சோலைகளில், அதற்கு அதிர்ஷ்டமும் பொறுமையும் வேண்டும். தண்ணீர்ப் பாட்டில், பாலித்தீன் பை எல்லாம் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டிலும் டிபன் பாக்ஸுமாக வாருங்கள். மாலைக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்கள் வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பாணதீர்த்தம் அருவிக்கு முன்பு அணையில் படகில் போவோம், அது நின்றுபோய் வெகுநாளாகிறது. வெளியே யாராவது ‘நான் கூட்டிப்போறேன்’ என்று பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அன்றைக்கு எதற்கு அனுமதி என்று சாவடியில் கேட்பதுதான் சரி.

மாஞ்சோலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வனத்துறை அனுமதி வாங்கி, குறைந்த எண்ணிக்கையில்தான் வண்டிகள் போக முடியும். ரோடு குலுக்கி எடுக்கும். எழுபது வயது அம்மாவை நான் கூட்டிப்போக மாட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு ஒரு கம்பெனி எடுத்த தேயிலைத் தோட்டம் அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாக எஸ்டேட்டுகள். குத்தகை 2028இல் முடிகிறது என்பதால் 2024இலேயே வேலை நின்று, தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் மலையிறங்க வேண்டியதாயிற்று. கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, 1999 ஜூலை 23 அன்று, இதே ஆற்றங்கரையில் போலீஸ் தடியடியில், தப்பிக்க ஆற்றில் இறங்கி மூழ்கியவர்களையும் சேர்த்து 17 பேர் செத்துப்போனார்கள். எஸ்டேட் லைன் வீடுகளைப் பின்னணியில் வைத்து எடுக்கிற செல்ஃபிகளைப் பார்க்கும்போது எனக்கு என்னவோ போல இருக்கும். போவதென்றால் இதெல்லாம் தெரிந்துகொண்டு போங்கள்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். திருப்புடைமருதூர். அம்பையிலிருந்து வீரவநல்லூர் வழியாக அரை மணி நேரம். கடனாநதி தாமிரபரணியில் சேர்கிற இடம். ஆறு அங்கே அகன்று, வளைந்து, மெதுவாகிறது. கரையில் ரெண்டு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத மருத மரங்கள், அவற்றில் நாரையும் கொக்கும். ஊர்க்காரர்களே கேட்டு வாங்கியதால் 2005இல் அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள், மூன்று ஹெக்டேர்கூட இல்லாத காப்பகம். ஊரில் பறவை மேல் கல்லெறியும் பையனைப் பார்ப்பது அபூர்வம். கோயில் நாறும்பூநாதர் கோயில் (நாறும் என்றால் மணக்கும், பையன் சிரித்தால் சொல்லிக்கொடுங்கள்). கோபுரத்தின் உள்மாடங்களில் பழைய சுவரோவியமும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. அனுமதி கிடைத்தால் நீங்கள் ஏறிப் பாருங்கள், படி செங்குத்து, அம்மா கீழேயே இருக்கட்டும். நாலு மணிக்குப் போய், படித்துறையில் குளித்து, இருட்டுகிற வரை உட்கார்ந்திருங்கள். ஆறு மணிக்கு மேல் கொக்குகள் அணி அணியாக வந்து அடையும். ஆரம்பத்தில் எண்ணுவீர்கள், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுவீர்கள்.

காலை நேரத்துக்கு இன்னொன்று. ஆறரை மணிக்கு முன்னால் ஏதாவது அணைக்கட்டுப் பக்கம் போய்ச் சத்தமில்லாமல் நில்லுங்கள். போன ஜனவரியில் ஊருக்குப் பக்கத்தில் அப்படி நின்றேன். தண்ணீர் மேல் ஒரு முழத்துக்குப் பனி. முதலில் ஒரு கீச்சுச் சத்தம், விசில் மாதிரி. அப்புறம் பனிக்குள் தட்டையான தலை ஒன்று, பின்னால் மூன்று. நீர்நாய்கள். பெரியது ஒரு கெண்டையைப் பாறை மேல் போட்டு, முன்னங்கால் ரெண்டாலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தது. முறுக்குக் கடிக்கிற மாதிரி அந்த எலும்புச் சத்தம் இக்கரை வரை கேட்டது. பாலத்தில் ஒரு டிராக்டர் வந்ததும் நாலும் இல்லை. நீர்நாய் கண்ணில் படாவிட்டாலும் அது இருந்த பாறையைக் கண்டுபிடிக்கலாம்: மீன் செதிலும் நண்டு ஓடுமாகக் காய்ந்த எச்சம் கிடக்கும், கருவாட்டு வாடை அடிக்கும். பையன்களுக்கு இந்தத் துப்பறிகிற வேலை ரொம்பப் பிடிக்கும்.

பறவையில் நிஜமாகவே ஆர்வம் என்றால், ஜனவரியில் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் வருஷாவருஷம் நடத்துகிறது. தன்னார்வலராகப் பெயர் கொடுத்தால் யாராவது விவரம் தெரிந்தவரோடு சேர்த்து ஒரு குளத்துக்கு அனுப்புவார்கள். பாம்புத்தாராவையும் நீர்க்காகத்தையும் பிரித்துப் பார்க்க அதை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

மூன்றாம் நாள் ரயில் ராத்திரிதானே? அம்பையைக் காலி செய்துவிட்டு, மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரால் நிறைகிற கூந்தன்குளத்துக்குப் போங்கள். அங்கே சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டும். கீழே எச்சம் வெள்ளையடித்திருக்கும், மீன் நாற்றம் மூக்கைத் துளைக்கும், ஊர்க்காரர்கள் அதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. அங்கிருந்து சாயங்காலம் திருநெல்வேலி. நகரத்துக்குள் ஆற்றில் குளிக்க வேண்டாம், சாக்கடை கலக்கிறது. குறுக்குத்துறை முருகன் கோயிலை மட்டும் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே கட்டிய கோயில், வெள்ளம் மோதுகிற பக்கம் படகின் முனை மாதிரி கூராக இருக்கும். தண்ணீர் ஏறும்போது உற்சவரையும் உண்டியலையும் மேலக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், மூலவர் முங்கிக் கிடப்பார், வடிந்ததும் கழுவி விட்டுப் பூஜை. நேரம் இருந்தால் 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் ஒரு நடை. இருட்டுக்கடை அல்வாவுக்கு வரிசையில் நிற்க ஒருவரை முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளம் முதல் நாளே வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கட்டுச்சோறு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆற்றுக் குளியலுக்கு அப்புறம் வருகிற பசி ஹோட்டல் வரை தாங்காது. காலையிலேயே புளியோதரையும் துவையலும் கட்டிக்கொண்டு போங்கள், இலை போட்டுச் சாப்பிடுங்கள், இலையை மாடு தின்னும்.

கடைசியாக, தினமும் காலையில் வெளியே கிளம்புமுன் செய்ய வேண்டியது. திருநெல்வேலிப் பதிப்புப் பத்திரிகைகளில் அணைகளின் நீர்மட்டம் போடுவார்கள். முழு அளவு பாபநாசம் அணைக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. முழு அளவை நெருங்கியிருந்து மலையில் மழையும் இருந்தால், உபரி நீரை எந்த நேரத்திலும் திறப்பார்கள். அன்றைக்குத் தண்ணீரில் இறங்காமல் கோயில், குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேப்பர் கிடைக்கவில்லையா, அம்பை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாரிடம் வேண்டுமானாலும் ‘டேம் எத்தனை அடி?’ என்று கேளுங்கள். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்வார்கள், நேற்றைக்கு எத்தனை என்பதையும் சேர்த்து.